பதினாறாம் இலக்கம்

கங்கைகொண்டான் வளாகம், இரண்டாம் மாடி.
நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில்
ஒன்று மட்டும் சிவப்பு.

எதிர்பார்த்தது 7.300000000000001
கிடைத்தது 7.3

கயத்தாற்றுக் காற்றாலையின் இறக்கை
எத்தனை பாகை திரும்ப வேண்டுமென்று
சொல்லுகிற கணக்கு.
பழைய பெட்டியில் மூன்று வருஷமாய்ப் பச்சை.
திங்கட்கிழமை வந்த புதுச் சிப்புக்கு மட்டும்
காலையிலிருந்து அடம்.

"ரெண்டு லட்சத்துக்குக்
கூட்டத் தெரியாத பெட்டியல்லா வாங்கிருக்கு"
என்றான் இசக்கிராஜ், முறுக்கைக் கடித்தபடி.

வரி வரியாக இறங்கினேன்.
அரை, கால், அரைக்கால், மாகாணி
எதைக் கொடுத்தாலும்
இரண்டும் ஒரே பதில்.
பத்தில் ஒன்று என்றால்தான்
இரண்டுக்குமே தொண்டையில் முள்.
மிதவைப் புள்ளி.
கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வி,
எழுதி வாங்கியும் இருக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வரியில் பிடிபட்டது.
பழையது பெருக்கும், நறுக்கும்,
கூட்டும், மறுபடி நறுக்கும்.
புதியது ஒரே மூச்சில் பெருக்கிக் கூட்டி
ஒருமுறைதான் கத்தியை எடுக்கிறது.
சிவப்பில் நிற்பதுதான்
உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அப்படியானால் அந்தக் கடைசி ஒன்றை
சத்தியம் என்று எழுதி வைத்தது யார்?
கோப்பின் வரலாற்றைத் திறந்தேன்.
நவம்பர் மாதம், இரவு பதினொன்று நாற்பது,
மைமூன் பீவி.

நான்தான்.
ஓடவிட்டு, அது சொன்னதை அப்படியே வெட்டி
எதிர்பார்த்தது என்ற இடத்தில்
ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
மேலப்பாளையத்தில் அன்றைக்கு
முழங்கால் அளவு தண்ணீர் என்பது மட்டும்
ஞாபகமிருக்கிறது.

கயத்தாற்றுக்குப் போன் போட்டேன்.
"இறக்கை எவ்வளவு நுணுக்கமாத் திரும்பும், அண்ணாச்சி?"
தவசிக்கனி சிரித்தார்.
காற்றும் சேர்ந்து சிரித்தது போனில்.
"பத்துல ஒரு பாகை திரும்பிச்சுன்னாலே பெரிசு.
செம்மண் அப்பிக் கெடக்கு அது மேல.
ஆமா, எதுக்குக் கேக்கே?"
சும்மா, என்றேன்.

இனி, எவ்வளவு பிசகலாம் என்று
ஒரு எண் எழுத வேண்டும்.
இம்மி பிசகாது, இம்மி பிசகாது என்று
எத்தனை முறை சொல்லியிருக்கும் இந்த வாய்.
இம்மி எவ்வளவென்று
ஒருநாளும் கேட்டதில்லை.

புள்ளிக்குப் பின் நாலு பூச்சியம்
சோம்பேறித்தனமாய்த் தெரிந்தது.
பன்னிரண்டு, திமிராய்.
எட்டு போட்டேன்.
ஏன் எட்டு என்று கேட்டால்
என்னிடம் பதிலில்லை. அதையும்
குறிப்பில் எழுதினேன்.

பச்சை.

"சரியாயிட்டா?"
"அது சரியாத்தாம்லே இருந்துச்சு."

கீழே கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.
இசக்கிராஜ் பையைத் தூக்கிவிட்டான்.
நான் அடுத்த கோப்பைத் திறக்கிறேன்.
இன்னும் நானூற்றுப் பதினொன்று இருக்கின்றன,
எல்லாம் பச்சையாக.