வடிகால்: மிகை

துளைக்கருவியை அழுத்த வேண்டியிருக்கவில்லை.
தன் எடையிலேயே இறங்கியது.
கஸிமிர் கியெட்ரோவ்ஸ்கி வேலியில் சாய்ந்திருந்தார்,
பற்றவைக்காத சுருட்டு வாயில்.
விஸ்கான்சினின் நடுவயிறு, அக்டோபர்,
உருளைக்கிழங்கு எடுத்து முடிந்த வயல்.

ஒரு பிடி எடுத்தேன். நீர் தெளித்துப் பிசைந்தேன்.
கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டப் பார்த்தேன்.
களிமண் இரண்டு அங்குலம் வரும்.
வண்டல் கொஞ்சம் வந்து முறியும்.
இது உள்ளங்கையிலேயே உதிர்ந்தது.
மணலைக் கயிறாகத் திரிப்பதற்கு
அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

படிவத்தில் எழுதினேன்:
மேலே ஏழு அங்குலம், கரும்பழுப்பு, வேர்கள் உண்டு.
அடுத்து மஞ்சள் பழுப்பு, வேர்கள் குறைவு.
பிறகு ஐந்தடிவரை
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத மணிகள்.
கட்டமைப்பு: இல்லை.
வடிகால்: மிகை.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.
"மிகையா? யாருக்கு?"

குழியில் ஒரு வாளி நீர் ஊற்றினோம்.
நேரம் பார்க்க அவர் சட்டைக்கையை மடித்தார்.
மடித்து முடிக்கும்போது குழி காலி.
"முப்பது வருஷத்தில் இங்கே
ஒரு கிழங்கு அழுகியதில்லை" என்றார்,
நிலம் பரீட்சையில் தேறிவிட்டதைப் போல.

கிழக்கே பனி நின்றது என்று சொன்னேன்,
உங்கள் தேவாலயக் கோபுரம் பத்தை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத பனி.
உருகிய நீர் சலித்துக்கொண்டே வந்தது:
பாறையைக் காலடியிலேயே போட்டது,
சரளையை அடுத்த திருப்பத்தில்,
மணலை இங்கே, களைத்துப்போய்.
மாவு போன்றதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டது.
"எங்கே?"
மிசிசிப்பி வழியாக, தெற்கே.
"அயோவாக்காரனுக்கு" என்றார்.
முழுக்க அப்படியில்லை. ஆனாலும் மறுக்கத் தோன்றவில்லை.

ஃப்ளோரன்டினா காபி கொடுத்தாள்.
அந்த வாசலில் சேறு சுரண்டும் இரும்பு இல்லை.
வந்த நாள் முதல் பெருக்குவதோடு சரியாம்,
துடைத்ததே இல்லை.
படுக்கை விரிப்பில் மணல், ரொட்டியின் அடியில் மணல்,
ஒருமுறை மூத்தவனின் காதுக்குள்.
மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
வெள்ளைச் செருப்போடு பூசைக்குப் போகலாம்.
அடுத்த மழை ஐந்து நாள் தாமதித்தால்
பூசை நீளும்.

பதினான்கு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனேன்.
கால் மைல் நீளக் குழாய் ஒன்று
சக்கரங்களில் நடந்து வயலை வட்டமடித்துக்கொண்டிருந்தது,
தண்ணீரோடு உரமும் தூவி.
செடி குடித்தது போக மிச்சம்
எங்கே போகும் என்பதை
அந்த வாளி அன்றே சொல்லியிருந்தது.

சமையலறையில் கடைத் தண்ணீர்க் கேன்கள், எட்டு.
மருமகள் அதில் பால்பவுடர் கரைத்தாள்.
குழாய்க்கு மேலே ஒட்டிய தாளில்
ஃப்ளோரன்டினாவின் கையெழுத்து: குழந்தைக்கு வேண்டாம்.
"நிறமில்லை, மணமில்லை" என்றாள்,
"கொதிக்கவைத்தால் இன்னும் கூடுமாம்.
நாங்கள் குடிக்கிறோம். எங்களுக்கு என்ன இனி."

கஸிமிர் பழைய அறிக்கையை எடுத்து வந்தார்.
காபி வட்டம் பதிந்த பக்கம்,
பென்சில் கோடிட்ட வரி:
விரைவில் உறிஞ்சும். வடிகட்டாது.
"நீங்கள் எழுதியதுதானே?"
ஆமாம்.
"இவ்வளவு சின்ன எழுத்தில்."
அச்சகத்தைக் குறை சொல்லலாமா என்று
ஒரு கணம் யோசித்தேன், கேவலமாக.

பிறகு வயலைச் சுற்றி நடந்தோம்.
சதுரத்துக்குள் வட்டம் சுழல்கிறது;
மூலைகளுக்குக் குழாய் எட்டாது.
அங்கே குட்டையான பைன், சாம்பல் பாசி,
இத்தனை பனிக்கும் சாகாத ஒரு சப்பாத்திக்கள்ளி.
எதுவும் ஊற்றப்படாததால் எதுவும் கசியாத மூலை.
அவர் கள்ளியைப் பூட்ஸால் லேசாகத் தட்டினார்,
அது இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

பேசவில்லை.
பழக்கத்தில் ஒரு பிடி அள்ளி, எச்சில் தொட்டு,
நீட்டிப் பார்த்தேன்.