பதினோராம் வாரம்

அரசு ஆய்வகம் அனுப்பிய தாளில்
மூன்றே பத்திகள்:
வாரம், இடம்,
நூறு கிராம் மட்டிச் சதையில்
எத்தனை மைக்ரோகிராம் நஞ்சு.
எண்பதைத் தாண்டினால் கடலை மூடுவார்கள்.
கடலை எப்படி மூடுவது என்று
யாரும் கேட்கவில்லை.
இது சிலோயே தீவு. எல்லாருக்கும் தெரியும்.

முதலில் எண்பதில் ஒரு கோடு,
சிவப்புப் பென்சிலால்.
"செங்கடல் நோய் என்கிறோம்,
தண்ணீர் சிவக்கவே இல்லையே டீச்சர்"
என்றாள் யஸ்னா.
உண்மைதான். அந்த மார்ச்சில் அது
பலமுறை துவைத்த போர்வையின் நிறத்தில்
சும்மா கிடந்தது.
நுண்ணோக்கியில் பார்த்தால்
ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிய நாலைந்து மணிகள்,
சட்டை நுனி பிடித்து ரயில் ஓட்டும்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போல.
எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு
இதற்குள் என்று சொல்லும்போது
எனக்கே குரல் தயங்குகிறது.

எட்டாம் வாரம் பத்தொன்பது.
ஒன்பது, நாற்பத்தொன்று.
பத்து, எழுபத்துநான்கு.
பென்சில்கள் ஏறின.
அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டாம் வாரம் அறுநூற்றுப் பத்து.
தாள் போதாமல் மேலே இன்னொரு தாள் ஒட்டினார்கள்,
பசைக்குச் சண்டை போட்டுக்கொண்டு.

"பதினொன்று காலியாக இருக்கிறதே,
பூஜ்யம் போடட்டுமா?"
பூஜ்யம் என்றால் அளந்தோம், இல்லை.
காலி என்றால் அளக்கவில்லை.
"ஏன் அளக்கவில்லை?"
வடக்குக் காற்று. துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
மாதிரி எடுக்கும் படகு போகவில்லை.

"அப்படியானால் இரண்டையும் இணைத்துவிடலாம்,
நடுவில் முந்நூற்று நாற்பத்திரண்டு வரும்"
என்றான் லாசரோ. கணக்கில் கெட்டிக்காரன்.
ஸ்கேலை வைத்து இழுத்தும்விட்டான்.

"அது தப்பு" என்றான் ஓரியேல்.
காலையிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான்.
"எழுபத்துநான்கு என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான்
மாமா மட்டி எடுத்துவந்தார். வியாழக்கிழமை.
பூண்டு போட்டு அவித்தோம்.
எனக்கு வயிற்றுவலி, நான் சாப்பிடவில்லை.
ஏழு மணிக்கு உதடு மரத்தது.
ஒன்பதுக்கு, இது என் கையே இல்லை என்றார்.
சிரித்தார்கூட.
மருத்துவமனை அக்கரையில்.
வடக்குக் காற்று, டீச்சர்.
படகு போகவில்லை."

இறந்தவர் ஒருவர் என்று
அதே தாளின் அடிக்குறிப்பில் இருந்தது.
நான் படித்திருந்தேன்.
எந்த வாரம் என்று பார்த்ததில்லை.

யாரும் அவனைத் தேற்றவில்லை.
லாசரோ தன் கோட்டை அழிக்கத் தொடங்கினான்;
அழுத்தி இழுத்த கோடு, லேசில் போகவில்லை,
தாள் சற்றுக் கிழிந்தது.
யஸ்னா தன் ரப்பரை நீட்டினாள்.

மணி அடித்த பிறகும் ஓரியேல் உட்கார்ந்திருந்தான்.
"எண்பதுக்குக் கீழே என்றால் பயமில்லை என்றுதானே சொன்னீர்கள்?"
மாதிரி எடுத்தது செவ்வாய்க்கிழமை, என்றேன்.
செவ்வாய்க்கிழமைக்கு அது சரி.

அவன் பென்சிலைச் சீவினான்.
எழுபத்துநான்கின் பக்கத்தில்
பொடி எழுத்தில், கட்டத்துக்குள் அடங்காமல்,
'செவ்வாய்' என்று எழுதினான்.
அடுத்த கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டான்.