தவறவிட்ட பொருட்கள்

சலவை எந்திரத்துக்குள் ஏதோ தட்டுகிறது.
நிறுத்தி, கையை விட்டுத் துழாவுகிறேன்.
ஒன்பதாம் அறை விரிப்பின் மடிப்பில்
ஒரு கல்.
கோழிமுட்டையில் பாதி. பால் நிறம்.
நனைந்ததில் கொஞ்சம் அழகு.

ஐந்து நாள் முகாம் அது,
கானாடுகாத்தான் பெரியவீட்டில்.
இரண்டாங்கட்டில் பாய் விரித்து
பித்தளைக் கிண்ணங்களைத் தடவித் தடவி
ஒலியில் குளித்தார்கள்.
சீட்டுக் கலைத்து நாளையைக் கேட்டார்கள்.
இலைக்கட்டுப் புகை ஏறிய தலையணை உறைகளை
நான் மூன்று தடவை ஊறப்போட்டேன்.
முகாம் நடத்திய அம்மாள் எல்லாரிடமும்
"பிரபஞ்சம் தரும்" என்றாள்.
எனக்குத் தருவது மேனேஜர் வயிரவன்,
அதுவும் பத்தாம் தேதிக்கு மேல்.

புதுவயல் சபையில் பாஸ்டர் சிலுவைதாசன்
மைக்கைக் கடிக்காத குறையாகச் சொன்னார்:
"சாலோமி, நீ வேலைக்குப் போகவில்லை,
யுத்தத்துக்குப் போகிறாய்."
ஜெபித்த எண்ணெய் ஒரு பாட்டில்.
நிலைகளில் பூசு, கட்டிப்போடு, துரத்து.
காணிக்கை இருநூறு.

துண்டுகளுக்கு அடியில் பாட்டிலை ஒளித்துக்கொண்டு
பௌர்ணமி இரவில் மாடி ஏறினேன்.
ஒன்று முதல் எட்டு வரை சிலுவை போட்டாயிற்று.
பர்மாத் தேக்கு; முந்தின நாள்தான் செல்லையா
எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான்.
எது அவன் எண்ணெய், எது என் எண்ணெய்
எனக்கே தெரியவில்லை.
பிசாசுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் கதவு திறந்திருந்தது.
தரையில் ஒரு பெண்,
போன் பேசுகிறவள் மாதிரி கல்லைக் காதில் வைத்து.
முகாமில் அவள் பெயர் சமுத்திரா.
"வீட்டில் எப்படிக் கூப்பிடுவாங்க?"
"தேனம்மை" என்றாள். சொன்னதும் அழுதாள்.
இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடும் இருக்கிறதாம்.
பங்காளிகள் பன்னிரண்டு, பூட்டு ஒன்று.
தம்பி போன ஆவணியில், பைக்கில்.
அவன் அலை இந்தக் கல்லில் தங்கியிருக்கிறதென்று
அந்த அம்மாள் சொன்னாளாம்.
கல்லுக்குத் தனி விலை.

எதிரியை அப்போதுதான் நேரில் பார்த்தேன்.
கொம்பில்லை. வாலில்லை.
அழுகிறவளுக்கு ரசீது கிழித்துக் கொடுக்கிறான்.
கோபம் வந்தது, நல்ல கோபம்தான்,
அதட்ட வாயைத் திறந்தேன்,
இடுப்பில் பாட்டில் இடித்தது.
இருநூறு.
எனக்கு ரசீதும் தரவில்லை.

"உங்களுக்கு எனர்ஜி தெரியுமா அக்கா?"
தெரியாது.
ஒருத்தரைத் தெரியும்.
சிநேகிதன் செத்தபோது
கல்லறைக்கு முன்னால் நின்று அழுதவர்.
அலை அழாது, தேனு.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது.
இவர் பார்ப்பார்.

சபையில் நான் ஜெபித்தால் தகரம் அதிரும்.
அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.
ஆத்தங்குடிக் கல் குளிர்ந்து கிடந்தது.
பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி பெயரைக் கேட்டு,
"ஐயா, இவளைப் பாரும்" என்றேன்.
ஆமென் சொல்லக்கூட மறந்துபோனேன்.
கீழே கிண்ணம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.
அவள் தூங்கினாளா, எனக்காகக் கண்ணை மூடினாளா
தெரியாது.

இப்போது இந்தக் கல்.
மறந்தாளா, விட்டுப் போனாளா?
சலவை அறையில் யாரும் இல்லை.
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
காதில் வைத்துப் பார்த்தேன்.
என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம்.

சோப்பு வாசனை. வேறொன்றுமில்லை.
கை மட்டும் நடுங்குகிறது.

தவறவிட்ட பொருட்கள் நோட்டில் எழுதுகிறேன்:
அறை ஒன்பது. கல், வெள்ளை. எண்ணிக்கை ஒன்று.
வயிரவன் கூரியரில் அனுப்பச் சொல்வார்.
வாங்கிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது.
அவளுக்காக இன்னும் கேட்க வேண்டும்.
எனக்காகவும்.

பாட்டிலில் மிச்சமிருந்ததை
மாடிக் கதவின் கீச்சிடும் கீலில் விட்டேன்.
சத்தமில்லாமல் திறக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்பார்.
பொய் சொல்லக்கூடாது.