இரண்டாம் அடி கொஞ்சம் பிந்தி

குலசேகரம் தாண்டி முன்னூறு ரப்பர் மூடு.
விடியக்காலம் மூணு மணி, நெற்றியில் விளக்கு.
படம் நேற்றே பார்த்தாச்சு. இப்போது சத்தம் மட்டும்,
போன் சட்டைப்பையில்.

வெள்ளைக் கோட்டில் நாற்பது பேர்
எங்கும் போகாத படிக்கட்டில் அமர்ந்து
டிரம்பெட்டை இடமும் வலமும் வீசுகிறார்கள்.
ஒருத்தி இறங்கி வருகிறாள். கண்ணாடித் தரை.
அவள் காலடியில் அவளே தலைகீழாய் ஆடுகிறாள்.

எங்கள் செட்டில் பதினோரு பேர்.
சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம்,
கிளீட்டஸுக்கு இரண்டு பட்டன் குறைவு.
மார்ச் என்றால் மார்ச்தான்.
அந்த நாற்பது பேரோ
இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் நடுவே
யாருக்காகவோ ஒரு இமைநேரம் நிற்கிறார்கள்.
எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்ததில்
கத்தி ஆழமாய்ப் போய்விட்டது.
முதலாளி ஏசுவார்.

குறும்பனையில் ஒன்பதாம் திருவிழா, தேர்ப்பவனி.
ஜெனரேட்டர் புகை, மாலைபோட்ட சொரூபம்.
மூன்றாவது பாட்டில் இரண்டாம் அடியைப்
பிடித்து வைத்துப் பிறகு விட்டேன்.
"என்னலே காட்டுதே?" வறுவேல் திரும்பினான்.
அவன் டிரம் குச்சி அதற்குள் பிந்திவிட்டிருந்தது.

தேர் சுமந்த பதினாறு பேரும் கடல்காரர்கள்.
ஒரு அலை போய் மறு அலை வருமுன்
வள்ளம் தள்ளக் காத்து நிற்பவர்கள்.
அவர்கள் தோள் நின்றது,
பிறகு இறங்கியது.
புனிதர் லேசாய் இடுப்பை ஆட்டினார்.

மாஸ்டர் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்தார்.
சரிதான்.
அந்த மரம் இன்னும் ஒழுகுகிறது,
சிரட்டைக்கு வெளியே.