நாலு மூலை

மார்த்தாண்டத்துக் கடையில் எழுபதாயிரம் கேட்டார்கள்.
பிலிம் மட்டும் வாங்கினால் இருபத்திரண்டாயிரம்,
ஒட்டுவதை நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று
சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்
பென்சிகர்,
என் சீட்டுப் பணத்தில்.

அது செவ்வாய்க்கிழமை.
இன்று சனி.
நடுவில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அருமனையில் இது ரப்பர் காய் வெடிக்கும் மாதம்.
வெயில் ஏறினால் தோட்டம் முழுக்க
யாரோ விரல் சொடுக்குவதுபோல் டப், டப்.
தெறித்த விதை பானெட்டில் விழும்.
விழுந்த இடத்தில் மிளகளவு பெயின்ட் போகும்.
ஆறு வருடப் பழைய நீல வண்டி.
காலையில் பல் தேய்த்துக்கொண்டே எண்ணுவார்,
அம்மை இறங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுபோல.

காற்று கூடாதாம், ஷெட்டின் ஓலைத்தட்டியை இழுத்துச் சாத்தினார்.
தூசி எழக்கூடாதாம், தரையை நனைத்தார்.
பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர்,
நாலு சொட்டு பேபி ஷாம்பு,
மகளுடையது.

அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தேன்.
பிலிமுக்கு நாலு மூலை.
அவருக்கு இரண்டே கை.
ஒரு ஓரம் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொண்டது,
பிரிக்கப் பிரிக்க இன்னும் ஒட்டியது.
ஒரு முழம் வீண்.
இருபத்திரண்டாயிரத்தில் ஒரு முழம் எவ்வளவு
என்று கணக்குப் போட்டுக்கொண்டே
செருப்பை மாட்டினேன்.

"வெள்ளம் அடி."
ஐந்து நாளில் முதல் சொல்.
அடித்தேன்.
பானெட்டில், பிலிமின் பசைப்பக்கம்,
பிறகு என் பத்து விரல் நுனிகளிலும்.
காய்ந்த விரல் பட்டால் ரேகை உள்ளேயே தங்கிவிடுமாம்.

"வலி."

கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில்
திற்பரப்புப் பேருந்தில் ஒரு பெண்
மாட்டிக்கொண்ட ஜன்னலைக் காட்டி
"வலி, வலி" என்றாள்.
எங்கே வலிக்கிறது அக்கா என்று கேட்டேன்.
பேருந்தே சிரித்தது.
இங்கே இழு என்பதற்கு அதுதான் சொல்.
எங்கள் ஊரில் அது நோவு மட்டும்.

"மெதுவா வலி. அங்கன விடாத. இன்னும் வலி."
வலித்தேன்.

பிலிம் தண்ணீர்மேல் மிதந்தது.
இன்னும் எதுவும் முடிவாகவில்லை,
இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல்
நகர்த்திக்கொள்ளலாம்.
பிறகு ரப்பர் தட்டையால் தள்ள வேண்டும்,
நடுவிலிருந்து விளிம்புக்கு.
விளிம்பில் தொடங்கினால்
காற்று வெளியே போக வழியில்லாமல் நின்றுவிடும்.
நாங்கள் எந்தப் பேச்சையும்
விளிம்பிலிருந்துதான் தொடங்குவோம்.

விளக்குப் பக்கத்து வளைவில் பிலிம் பணியவில்லை.
என் ஹேர் டிரையரை எடுத்தார்.
அதையும் கேட்காமல்தான்.
சூடுபட்டதும் இளகி
வளைவை ஒட்டிப் படுத்தது.
பிளேடால் ஓரம் வெட்டும்போது அவர் மூச்சு விடவில்லை.
நானும்தான். ஏனென்று தெரியாது.

எல்லாம் முடிந்தபின் பள்ளங்கள் அப்படியே தெரிந்தன.
கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் இன்னும் தெளிவாக.
இனி பட இருப்பதற்குத்தான் இந்தத் தோல்,
பட்டதற்கு இல்லை.
வலது மூலையில் ஒரு கொப்புளம் மட்டும் அசையவில்லை.
"ரெண்டு நாள் வெயில் கொண்டா போயிரும்" என்றார்
கொப்புளத்தைப் பார்த்து.

வண்டியை வெளியே தள்ளினோம், ஆளுக்கொரு பக்கம்.
நிறுத்தவும்
டப்.
விதை விழுந்தது
டாப்பில்.
டாப்புக்கு பிலிம் போதவில்லை.
அந்த ஒரு முழம் இருந்தாலும் போதியிருக்காது.

"பதினொன்று" என்றேன்.
பென்சிகர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"பத்தாக்கும்."
"பின் கதவுக்குக் கீழே ஒன்று இருக்கிறது. நீங்கள் பார்க்கவில்லை."

குனிந்து பார்த்தார்.
வெகுநேரம் குனிந்தே இருந்தார்.
ஷாம்பு காய்ந்து என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.
அடுத்த சீட்டு பதினேழாம் தேதி.
அதை நான் மறக்கவில்லை.