ஆறுக்கு ஒன்று

நெப்ராஸ்காவில்
வரைபடத்தின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தால்
காணாமல் போகும் ஊர்.
பள்ளி வாரியக் கூட்டம், வியாழன், மாலை ஏழு மணி.

மார்லிஸ் ட்வெட் கையில் முப்பத்தொரு தாள்கள்.
பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்
அவரவர் வீட்டுக் கிணற்று நீரில் நனைத்துக் கொண்டுவந்தவை.
இருபத்திரண்டு, இளஞ்சிவப்பு.

'நைட்ரேட்' என்றாள்.
அதற்குமேல் விடவில்லை.

சோளக் கிடங்கு ஹார்லன் க்ரூஸ் எழுந்தார்:
'எங்கப்பா குடித்த தண்ணீர் இது.
தொண்ணூறு வயதில் டிராக்டர் ஓட்டினார்.'
கைதட்டல்.
ஏட்டுச் சுரைக்காய்க்கு
அவர்கள் மொழியிலும் ஏதோ ஒரு சொல் இருக்கிறது;
பின்வரிசையில் ஒருவன் அதைச் சொன்னான்,
கூடமே சிரித்தது.
மார்லிஸும் கொஞ்சம் சிரித்துவைத்தாள்,
பதினேழு வருடப் பழக்கம்.

அடுத்த ஆண்டு முதல் வேதியியல் கிடையாது.
மிச்சமாகும் சம்பளத்தில்
ஃபுட்பால் திடலுக்குப் புது மின்பலகை.
அதில் எரியும் எண்ணை மட்டும்
'அது உன் கருத்து' என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆறுக்கு ஒன்று. நிறைவேறியது.
அந்த ஒன்று, டீசல் மெக்கானிக் ஓர்வில்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இரண்டரை மணி நேரப் பேச்சு.
மேசை நடுவே கூஜா, பள்ளிக் கிணற்று நீர்,
கழுவிக் கவிழ்த்த ஏழு டம்ளர்.
ஹார்லனுக்குத் தொண்டை கட்டியது, இருமினார்.
கூஜா வரை போன கை
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பியது.

வெளியே, அவர் வண்டியின் பின்கட்டில்
தார்ப்பாய் காற்றில் விலகிக்கிடந்தது:
லிங்கன் நகரக் கடையில் வாங்கிய
தண்ணீர்ப் பாட்டில்கள்,
ஆறு பெட்டி.