இன் த

தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், ஆங்கில மனு.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
காப்பீட்டுக் கம்பெனிக்கு என்றால் நாற்பது.
அவர்கள் திருப்பி அனுப்பினால்
மறுபடி அடித்துத் தருவதும் அதில் சேர்த்தி.

இளஞ்சியம் சொன்னது மூன்றே சொல்.
"வயல்ல தண்ணி நின்னுச்சு."
முதல் சொல்லிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

இன் ஃபீல்டு என்று அடித்தேன்.
கம்ப்யூட்டர் அடியில் நீலக் கோடு இழுத்தது.
நமக்கு வயலோடு ஓர் இல் ஒட்டினால் போதும்,
தண்ணீர் உள்ளே வந்துவிடும்.
அவர்களுக்கு இன்னுக்கும் ஃபீல்டுக்கும் நடுவே
மதகுப் பலகை மாதிரி
ஒரு குட்டிச்சொல் இறங்கியாக வேண்டும்.

இன் அ ஃபீல்டு.
ஏதோ ஒரு வயல். திருவாரூர் பஸ்ஸில் போகிறவன்
ஜன்னலில் பார்த்து மறந்தது.
அதற்கு யார் பணம் தருவார்கள்?

இன் த ஃபீல்டு.
த என்பது தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது.
சென்னையில் ஆறாவது மாடி அதிகாரிக்கு
முள்ளியாற்றின் தென்கரையில்
கோரை மண்டிய வடிகாலுக்கு இந்தப் பக்கம்
மூன்று மா
எப்படித் தெரியும்?

இன் மை ஃபீல்டு.
விரல் தானாகப் போய்விட்டது, வாய்விட்டும் படித்துவிட்டேன்.
மை அவருக்குப் புரிந்திருக்கிறது.
"என் வயல்னு போட்டுறாத, அசரப்பு."
கோயில் நிலம். பட்டா சாமி பேரில்.
குத்தகைச் சீட்டு, போய்ச்சேர்ந்த மாமனார் பேரில்.
ஹிஸ் போடலாம். எந்த ஹிஸ்?
இரண்டு பேருமே
கையெழுத்துப் போட வரமாட்டார்கள்.

தமிழ்ப் பத்திரமாக இருந்தால்
மேற்படி வயலில் என்று எழுதித் தப்பித்திருப்பேன்.
மேலே ஏதாவது எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, மற்றதை முதலில் முடிப்போம் என்று
கரை எப்போது உடைந்தது என்றேன்.
ராத்திரி. அட் நைட்.
சாயங்காலத்துக்கு ஒரு த உண்டு, காலைக்கும் உண்டு,
ராத்திரிக்கு மட்டும் கிடையாது.
இருட்டில் எதைக் காட்டி த போடுவது?
எத்தனை நாள் நின்றது?
பதினோரு நாள். ஃபார் லெவன் டேஸ்.
எண் முன்னால் நின்றால் நீலக் கோடு வருவதில்லை.
எண்ணிச் சொல்பவரிடம் ஆங்கிலம் வம்பு செய்யாது.

நடுவே அவருக்குப் போன் வந்தது.
தம்பி மகன் தஞ்சாவூர் மெடிக்கலில் இருக்கிறானாம்.
இன் த ஹாஸ்பிடல் என்றால்
சாத்துக்குடிப் பையோடு நிற்கிறவனாகவும் இருக்கலாம்.
இன் ஹாஸ்பிடல் என்றால் படுத்திருப்பவன்தான்.
படுத்தவனுக்குக் குட்டிச்சொல் கிடையாது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.
"தேவலையாம்" என்று
போனை முந்தானையில் துடைத்து வைத்தார்.

மறுபடி த.
தெரியாதவரிடம் த சொன்னால்
பின்னாலேயே ஓர் அடையாளம் சொல்லவேண்டும்.
இன் த ஃபீல்டு ஐ பிளான்டட்.
நீலக் கோடு வரவில்லை. சாமியும் கோபிக்கமாட்டார்.
வயல் முதலில் வந்து நிற்கிறது,
நட்டது மூச்சிரைக்கப் பின்னால் வந்து
சாட்சி சொல்கிறது.

தமிழில் படித்துக் காட்டினேன்.
"நான் நட்ட வயலில் தண்ணீர் நின்றது."
இப்போது நட்டது முன்னால், வயல் பின்னால்.
அரைமணி நேரம் தேடிய த
எங்கேயும் இல்லை.

"இதத்தான நானும் சொன்னேன்" என்றவர்
கொஞ்சம் யோசித்தார்.
"நான் மட்டுமா நட்டேன்? பதினாலு ஆளு."

ஐ-யை அழித்து வி போட்டேன்.
வி-க்குள் எத்தனை பேரும் ஏறலாம், யாரும் டிக்கெட் கேட்பதில்லை.
"நாம நட்ட வயலில்" என்று படித்தேன்.

"நாமளா?"
ரேஷன் கார்டு உறையிலிருந்து
நான்கு பத்து ரூபாய்களை எண்ணிக்கொண்டே கேட்டார்,
"நீ எப்ப வந்த நடவுக்கு?"